தருவைக்கரையில் நடந்தவர்கள்

நகரமைப்பாளர் பேரவையின் மடலில் பெயர் வந்துவிட்டால் அதன் உறுப்பினர்களுக்குத் தலைகால் புரியாது. வாராவாரம் திங்கட்கிழமை காலையில் வரும் அந்த மடலில் அப்படி என்னதான் இருக்கும்? யாருக்குப் பதவி உயர்வு, எந்த மாவட்டத்தில் காலியிடம், யார் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார், யாருக்கு இரங்கல். அவ்வளவுதான். ஆனாலும் தென்மண்டலத்து அமைப்பாளர் ஒருவரும் அதைப் படிக்காமல் பல் துலக்குவதில்லை. தன் பெயர் இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல். கூடப் படித்தவன் பெயர் இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை மடலின் முதல் செய்தியே நறுமுகையைப் பற்றியதுதான். 'ஆண்டின் சிறந்த நடை: தருவைக்கரை. நடந்தவர்: இரா. நறுமுகை.' அதற்குக் கீழேயே, வாய்ப்புகள் பகுதியில், தென்மண்டலத் தலைமை அமைப்பாளர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். இரண்டையும் ஒட்டி ஒட்டிப் போட்டது சும்மா இல்லை என்று படித்த எல்லோருக்கும் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அந்த நாற்காலியின் மேல் நறுமுகைக்கு ஒரு கண்.

நடை என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே ஊர்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வற்றிக் கிடந்த ஒரு குளத்தை மைதானம் என்று நினைத்து அதன்மேல் மருத்துவமனை கட்டி, முதல் மழையில் நோயாளிகள் கட்டிலோடு மிதந்த பிறகுதான் அரசாங்கத்துக்குச் சூடு சுரணை வந்தது. எந்த நிலத்தின் திட்டத்திலும் அந்த நிலத்தைக் காலால் நடந்து பார்த்த, பதிவு பெற்ற அமைப்பாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் வெயிலில் நடக்க யாருக்கு மனசு வரும்? அதற்கும் ஒரு வழி பிறந்தது. காதுக்குப் பின்னால் தோலோடு ஒட்டிய ஒரு சின்னப் பொத்தான். ஒருவர் நடந்த நினைவை அப்படியே எடுத்து இன்னொருவர் தலைக்குள் ஏற்றிவிடலாம். ஏற்றிக்கொண்டவருக்குத் தானே நடந்தது போலப் புழுதியும் வியர்வையும் நினைவில் நிற்கும். நினைவிருந்தால் நடந்ததாகவே கொள்ளலாம் என்று சட்டமும் வளைந்து கொடுத்துவிட்டது. பேரவை இந்த நடைகளைச் சேர்த்து வைத்து, நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போல உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்தது.

தருவைக்கரை நடையைக் கடன் வாங்காத ஆளே இல்லை எனலாம். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பரந்து கிடக்கிற உப்பளம் அது. போன வருஷம் நவம்பர் தூறலில் நறுமுகை நடந்தபோது கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். நடுநடுவே கல் வரிசைகள். ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. "தியானம் பண்ணின மாதிரி இருந்துச்சு மேடம்" என்று ஏற்றிக்கொண்டவர்கள் அவளிடமே சொல்லிச் சிலாகித்தார்கள். சாலைக்கு ஒருவர், வடிகாலுக்கு ஒருவர், துறைமுகத் தொடர்புக்கு ஒருவர் என்று அந்த நினைவை வைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு, அந்த இடத்தைக் காலி நிலம் என்று வகைப்படுத்தி, கண்டெய்னர் யார்டுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

விருது விழா மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. நறுமுகை கேடயத்தை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் ஏதோ தகராறு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணை உள்ளே விடாமல் காவலாளி மறித்துக்கொண்டிருந்தான். கறுத்து மெலிந்த உடம்பு, உள்ளங்கையெல்லாம் வெடிப்பு. நறுமுகையைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எம்மா! நறுமுகையம்மா! இந்தாருங்க, இவன் உள்ள விடமாட்டேங்கான்!"

"யாரும்மா நீங்க?"

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. "யாராவா? சந்தனமாரிம்மா. தருவைக்கரை சந்தனமாரி. என்ன, வெளையாடுதியளா?"

"தருவைக்கரைல நான் ஒருத்தரையும் பாக்கலையே. அங்க ஆளே கிடையாதே."

"ஆளே கெடையாதா?" சந்தனமாரி காவலாளியின் கையைத் தட்டிவிட்டு முன்னே வந்தாள். "மாசி மாசம் எங்க வீட்டுல நாலு நாளு இருந்தியளே. எங்ககூட அளத்துல எறங்கி உப்பு வாருனியளே. கத்தரிக்கா தின்னா ஒதடு வீங்கும்னு நீங்க சொல்லப்போயி, ஒங்களுக்குன்னு தனியாக் கருவாட்டுக் கொழம்பு வச்சேன். சட்டிய வழிச்சு நக்கிட்டு இப்ப யாருன்னு கேக்கிய?"

நறுமுகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தரிக்காய் விஷயம் அவள் அம்மாவுக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

"செருப்பக் கழட்டுங்க" என்றாள் சந்தனமாரி.

"என்னது?"

"எடது கால் செருப்பக் கழட்டுங்கங்கேன். வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேக்காம வெறுங்காலோட எறங்கி குதிங்காலக் கிழிச்சிக்கிட்டிய. உப்பு ஏறித் துடிச்ச துடிப்புல எங்க வளவே ஓடி வந்துச்சு. நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டேன்."

இடது குதிகாலில் தழும்பு இருந்தது. கண்ணாடிச் சில்லு குத்தியது என்று நறுமுகை பலரிடம் சொல்லியிருக்கிறாள். எப்போது குத்தியது, எங்கே குத்தியது? இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அங்கே நினைவு ஒரு பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

சந்தனமாரியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மேசையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நறுமுகை கேட்டாள். "போன நவம்பர்ல நான் வந்தப்ப ஏன் ஒருத்தரும் இல்லை?"

"மழ விழுந்துட்டா அளத்துல என்ன வேல? ஐப்பசி பொறந்ததும் கூர ஓல, தார்ப்பா எல்லாத்தையும் கழட்டிச் சுருட்டிக்கிட்டு, வாழத்தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போயிருவோம். குடிசைக்குப் போட்ட கடக்கால் கல்லு மட்டுந்தான் வரிசையாக் கெடக்கும். தை பொறந்தா வந்து திரும்பக் கெட்டிக்கிடுவோம். இதெல்லாம் ஒங்கட்ட அன்னைக்கே சொன்னோமே! 'இந்த வாட்டி ஒழுங்காப் பதிஞ்சிட்டேன்க்கா, இனிமே உங்கள இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது'ன்னு நீங்க சொல்லிட்டுத்தான் போனிய." சந்தனமாரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த யார்டு விசயமா வெள்ளிக்கெழம விசாரண வச்சிருக்கான். இந்த மழையில வந்து பாத்தா மறுபடியும் தண்ணிதான் கெடக்கும். நீங்க வந்து, ஆமா, பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். முந்நூறு பேரு ஒங்களத்தாம்மா நம்பிக்கிட்டு இருக்கோம்."

பேரவையின் செயலாளர் பரணிதரன் மாடியில் ஓர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மடலின் ஆசிரியரும் அவரே. யார் பெயர் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை முடிவு செய்கிற கை அவருடையது என்பதால் தென்மண்டலமே அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கும். நறுமுகை கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"சார், தருவைக்கரைல நான் எத்தனை தடவை நடந்தேன்?"

பரணிதரன் கோப்பையைக் கீழே வைத்தார். மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு தடவை" என்றார். "உட்காரு, முகை. இன்னைக்கு உன் நாள்."

"மாசில நடந்தது எங்க?"

"எடுத்துட்டோம். மூணு பேர் ஏத்திக்கிட்டாங்க. ஒருத்தர் செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். ஒரு பொண்ணு வீட்டுக்குப் போய் ஒரே அழுகை, லீவு போட்டுட்டா. மூணாவது ஆள் வேலையையே விட்டுட்டு எங்கயோ பள்ளிக்கூட வாத்தியாராப் போயிட்டார். உறுப்பினர்கள் புகார் குடுத்தா நான் என்ன பண்ண முடியும்? 'பயனற்ற நடை, வேலைக்கு இடைஞ்சல்'னு ஒத்த நட்சத்திரம் குடுத்திருந்தாங்க."

"நூலகத்துலருந்து எடுத்தீங்க, சரி. என் தலைக்குள்ள இருந்ததை எதுக்கு எடுத்தீங்க?"

"ஒரே நிலத்துக்கு ஒரே ஆள்கிட்ட முரணான ரெண்டு நடை இருந்தா ரெண்டுமே செல்லாது. வருஷா வருஷம் பொத்தானைச் சுத்தம் பண்ணிக்க வர்றீங்கல்ல, அப்ப எடுத்தாங்க. எல்லாம் விதிப்படிதான். உறுப்பினர் நலனுக்காக."

நலனாம், நலன்! ஒருத்தியின் மண்டைக்குள் கையை விட்டு நாலு நாளைத் திருடி, திருடியதே தெரியாதபடி செய்துவிட்டு, விழா வைத்துக் கேடயமும் கொடுக்கிறார்கள். கையிலிருந்த கேடயத்தால் அந்த மனிதரின் மண்டையில் ஒன்று போடலாமா என்றுகூட நறுமுகைக்கு இருந்தது.

"அதைத் திரும்ப ஏத்துங்க."

"அழிச்சாச்சு. புகார் வந்த நடையை நாங்க வெச்சுக்கறதில்லை." பரணிதரன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். "கோபப்படாம யோசி. அடுத்த மடல்ல தலைமை அமைப்பாளர் நியமனம் வரப்போகுது. உன் பேர் கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. அந்த நாற்காலில உட்கார்ந்துக்கிட்டு அவங்களுக்கு நல்ல மாடி வீடாக் கட்டிக்குடேன், யார் வேணாங்கறா?"

"எங்க கட்டறது?"

"எங்கயாவது. ஊருக்கு உள்பக்கம்."

"அங்க உப்பு விளையுமா சார்?"

"அதெல்லாம் வாழ்வாதாரப் பிரிவு பாத்துக்கும்."

நறுமுகை கேடயத்தை அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கேட்டாள். "மிச்சமிருக்கிற நவம்பர் நடையை நான் திரும்ப வாங்கிக்கிட்டா?"

முதல் தடவையாகப் பரணிதரனின் முகம் மாறியது. "நடந்தவருக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா இதுவரைக்கும் ஒரு கிறுக்கரும் அதைப் பண்ணினதில்லை. கடன் வாங்கின அத்தனை பேர் தலையிலருந்தும் போயிடும். உன் தலையிலருந்தும்தான். நடந்த ஆள் இல்லாம திட்டம் நிக்காது, எல்லாம் குப்பைக்குப் போகும். உன் பதிவு அன்னிக்கே ரத்து. தலைமை அமைப்பாளர் இருக்கட்டும், செத்துப்போனா மடல்ல இரங்கல்கூட வராது, பாத்துக்கோ."

விசாரணையைத் தருவைக்கரைக்குப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மணமேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் வாடித் தொங்கிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் பரணிதரனும் கையெழுத்துப் போட்ட அமைப்பாளர்களும். நாற்காலி எல்லாம் அழைக்கப்பட்டவர்களுக்கு என்று சொல்லிவிட்டதால் உப்பளத்துச் சனங்கள் பின்னால் நின்றார்கள். தேனியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தைகளோடு, நனைந்துகொண்டு வந்து சேர்ந்த சனம். அவர்களுக்கு உட்கார ஒரு பாய்கூடப் போடவில்லை.

முதலில் சந்தனமாரியைக் கூப்பிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா பதிவு பெற்ற அமைப்பாளரோட நடையில் நீங்க யாரும் இல்லையே. நான் எதை வெச்சு நம்பறது?"

"தையில வாங்கய்யா. வந்து கண்ணால பாத்துட்டு நம்புங்க."

"விசாரணை இன்னிக்குத்தானே அம்மா?"

அடுத்து நறுமுகையை அழைத்தார்கள். அவள் காதோரப் பொத்தானை அதிகாரியின் கருவியோடு இணைத்தார்கள். பொய் சொன்னால் அங்கே சிவப்பு விளக்கு எரியும்.

"இந்த அம்மாவைத் தருவைக்கரையில் பார்த்ததாக உங்களுக்கு நினைவு இருக்கிறதா?"

சந்தனமாரி அவளைப் பார்த்துத் தைரியமாகச் சொல்லுங்கள் என்பது போலத் தலையை அசைத்தாள்.

"இல்லை" என்றாள் நறுமுகை.

பச்சை விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து ஒரே கூச்சல். "அடிப்பாவி! எங்க சோத்தத் தின்னுட்டு எங்க வாயிலயே மண்ணப் போட்டுட்டாளே!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் திட்டியிருந்தால் நறுமுகைக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

"பார்த்ததை அழிச்சிட்டாங்க, சார். என் குதிகால்ல தழும்பு இருக்கு, அது அங்க பட்டது."

"குதிகாலெல்லாம் சாட்சி சொல்ல முடியாது, மேடம். பேரவைப் பதிவேட்டில் உங்களுக்கு ஒரு நடைதான் இருக்கிறது. அதில் நிலம் காலி."

"அப்படின்னா அந்த நடையை நான் திரும்பப் பெறுகிறேன்."

"முகை, உட்காரு!" பரணிதரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யாராவது அவளைப் பிடிங்கப்பா!"

பிடிக்க என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்திக்கொண்டு நிலத்தின் பெயரையும் தன் பெயரையும் சொன்னால் போதும். நறுமுகை சொன்னாள். தூறல், தண்ணீர்ப் பரப்பு, கல் வரிசைகள் எல்லாம் ஒரு நொடி கண்ணுக்குள் வந்தன. அப்புறம் எதைத் தேடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தருவைக்கரை என்ற பெயர் இருந்தது. அதற்குப் பின்னால் இடம் இல்லை. ஆண்டின் சிறந்த நடை போன சுவடே தெரியாமல் போய்விட்டது.

முன்வரிசையில் வடிகால் அமைப்பாளர் திருதிருவென்று விழித்தார். பக்கத்திலிருந்தவரின் தோளைத் தொட்டு, "சார், இது எந்த ஊர்? நாம எதுக்கு வந்திருக்கோம்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை. துறைமுகத் தொடர்புக்காரர் தன் கையெழுத்தைத் தானே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி விதிகளைப் புரட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டம் கேட்கச் சொல்கிற கேள்வியைக் கேட்டார்.

"தருவைக்கரை நிலத்தை நடந்து பார்த்தவர் இந்த மண்டபத்தில் யாராவது இருக்கிறீர்களா?"

முன்வரிசையில் ஒரு கை அசையவில்லை. பின்னால் சந்தனமாரியின் கை உயர்ந்தது. அவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மளமளவென்று எல்லாக் கைகளும் எழுந்தன. வளையல் போட்ட கைகள், வெடித்த கைகள், குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையைத் தூக்கிய தாய்மார்கள். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் அந்த நிலத்தைக் காலால் நடந்த முந்நூறு பேர்.

அதிகாரி அந்தக் கைகளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார். பிறகு மைக்கை அருகில் இழுத்து, பதிவாகும்படி நிதானமாகச் சொன்னார்.

"நடந்தவர் யாரும் இல்லை. ஆகவே கையெழுத்துகள் செல்லாது. திட்டம் கைவிடப்படுகிறது."

பரணிதரன் விருட்டென்று வெளியேறினார். அதிகாரி சொன்னது நறுமுகைக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் ஓட்டமாக ஓடிப்போய்ச் சந்தனமாரியின் தோளைப் பிடித்தாள். "அக்கா, ஜெயிச்சிட்டோம்! யார்டு வராதுக்கா! எல்லாம் ரத்து!"

சந்தனமாரி கையை இறக்கவில்லை.

"அவன் என்ன சொன்னான்?"

"திட்டத்தைக் கைவிட்டாச்சுன்னு…"

"அதுக்கு முன்னால."

நறுமுகை தயங்கினாள். "நடந்தவர் யாரும் இல்லைன்னு. பதிவு பெற்ற அமைப்பாளரை மட்டும்தான் எண்ணுவாங்கக்கா, அது விதி. அந்த விதியாலதான் நிலமே தப்பிச்சுது."

"முந்நூறு பேரு கையத் தூக்கிக்கிட்டு நிக்கோம். கண்ணு முன்னால நிக்கோம். யாருமில்லன்னு எழுதுதான். அதுக்கு நீங்க ஜெயிச்சிட்டோம்னு குதிக்கிய!" சந்தனமாரி மறு கையால் மேடையைக் காட்டினாள். "காலி நெலம்னு சொன்னானேன்னுதானம்மா வந்தோம். இப்பயும் அதத்தான சொல்லிட்டுப் போறான்?"

"அக்கா, வேணாம். இதைக் கிளப்பினா விசாரணையை மறுபடியும் தொறந்துடுவாங்க."

"தொறக்கட்டும்." சந்தனமாரி மேடையைப் பார்த்துக் கத்தினாள். "எய்யா! எங்க போறிய? எண்ணிட்டுப் போங்க!"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிய அதிகாரி நின்றார். வழி இல்லை. யாரும் அவரை மறிக்கவில்லை, தொடவும் இல்லை. கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள், அவ்வளவுதான். எண்ணிட்டுப் போங்க, எண்ணிட்டுப் போங்க என்று குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

"எனக்கு விதியில் இடம் இல்லைம்மா" என்றார் அதிகாரி. அவருக்கு வியர்த்திருந்தது.

நறுமுகை மேடைக்கு ஏறினாள். அவர் விட்டுவிட்டுப் போன மைக்கைக் கையில் எடுத்தாள். பதிவுக் கருவியின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க எண்ணினா செல்லாது, மேடம். உங்க பதிவு ரத்தாயிடுச்சு."

"தெரியும்" என்றாள்.

மைக்கின் ஒயரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, சந்தனமாரிக்கு முன்னால் போய் நின்று, அவள் வாய்க்கு நேராக அதைப் பிடித்தாள்.

"உங்க பேர் என்னக்கா?"

சந்தனமாரி அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு புரிந்துகொண்டாள். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சந்தனமாரி."

"ஒண்ணு" என்று சொல்லிவிட்டு நறுமுகை அடுத்த ஆளிடம் போனாள்.